இரட்டைக் குழந்தைகளை எங்கே, எப்படித் தூங்க வைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்கேனில் இரட்டை என்று தெரிந்த நாளிலிருந்தே வீட்டில் தொட்டில் பேச்சு ஆரம்பித்துவிடும். ஒன்று போதுமா, இரண்டு வேண்டுமா, கட்டிலோடு ஒட்டிப் போடுவதா, தூளி கட்டுவதா என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். கீழே இருப்பவை பிறந்தது முதல் ஆறு மாதம் வரையுள்ள இரட்டையருக்கானவை. இரவு 3 மணிக்கு, கண்ணைத் திறக்க முடியாத அசதியிலும் தப்பாமல் நடக்கிற ஏற்பாடுதான் நல்ல ஏற்பாடு. எல்லாப் பதில்களும் அதை மனதில் வைத்து எழுதியவை.

ஒரே தொட்டிலில் இரண்டு பேரையும் படுக்க வைக்கலாமா? வயிற்றில் ஒன்றாகத்தானே இருந்தார்கள்?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். இதில் வெளிநாட்டு அமைப்புகளே ஒரே குரலில் பேசுவதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், மருத்துவமனையிலும் சரி வீட்டிலும் சரி, ஆளுக்கொரு படுக்கை கொடுப்பதே விவேகம் என்கிறது. சிசு மரணத்தைத் தடுப்பதற்காகப் பிரிட்டனில் இயங்கும் லல்லபி டிரஸ்ட் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது. இருவருக்குமே புரளத் தெரியாத வரை, பெரிய தொட்டிலில், மல்லாக்க, பக்கம் பக்கமாகவோ ஆளுக்கொரு கோடியிலோ படுக்க வைக்கலாம் என்கிறது. அவர்களும் இரண்டு விஷயத்தில் கண்டிப்பு: கூடை மாதிரியான சின்னப் படுக்கையில் இருவரை வைக்கவே கூடாது, இருவருக்கும் நடுவில் துண்டைச் சுருட்டியோ தலையணையோ வைக்கக்கூடாது.

ஒன்றாகப் படுத்தால் நன்றாகத் தூங்குவார்கள், எடை கூடும் என்று சொல்வதற்கு உறுதியான ஆதாரம் எதுவும் இல்லை. ஒருவர் கை மற்றவர் முகத்தில் விழும், ஒருவர் போர்வை மற்றவர் மூக்கை மூடும், ஒருவர் சூடு மற்றவருக்கும் ஏறும். என்னைக் கேட்டால், முதல் நாளிலிருந்தே இரண்டு படுக்கை. மூணு, நாலு மாதத்தில் புரள ஆரம்பித்ததும் இரண்டாவதை எப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள். அதை முன்னாலேயே வாங்கிவிடலாம்.

அம்மா நடுவில், பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் என்று ஒரே கட்டிலில் படுக்கலாமா?

நம் வீடுகளில் பிள்ளை அம்மாவை ஒட்டித்தான் தூங்கும், தெரியும். ஆனால் இரட்டையர் விஷயம் வேறு. இவர்களில் பாதிக்கு மேல் 37 வாரம் முடியும் முன்பே பிறந்துவிடுகிறார்கள். எடையும் குறைவாக இருக்கும். குறைமாதத்தில் பிறந்த குழந்தையையும் 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தையையும் பெரியவர்கள் தூங்கும் படுக்கையில் சேர்த்துப் படுக்க வைக்கவே கூடாது. இதில் எந்த அமைப்புக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அப்பா புகைபிடிப்பவர், மது அருந்துபவர் என்றாலும், அம்மா மயக்கம் தரும் மாத்திரை எடுத்துக்கொண்டாலும் அதே பதில்தான்.

இரண்டு பக்கமும் பிள்ளை கிடந்தால் அம்மாவால் எந்தப் பக்கமும் திரும்ப முடியாது என்பது தனிக் கதை. சிசேரியன் தையலோடு விறைப்பாக மல்லாந்து கிடந்து, பயந்து பயந்து தூங்குவது தூக்கமே இல்லை.

ஒரே அறையில் இருப்பது வேறு, ஒரே படுக்கையில் இருப்பது வேறு. முதல் ஆறு மாதமாவது குழந்தைகள் பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் தூங்க வேண்டும். தூக்கத்தில் காரணம் தெரியாமல் குழந்தை இறந்துபோகும் திடீர்ச் சிசு மரணம் 2 முதல் 4 மாத வயதில்தான் அதிகம். பத்தில் ஒன்பது ஆறு மாதத்துக்குள் நடந்துவிடுகிறது.

கட்டிலோடு ஒட்டி வைக்கிற பக்கத் தொட்டில் வாங்கலாமா? இரட்டையருக்கு எது சரி?

சிசேரியன் ஆன அம்மாவுக்கு இது பெரிய உதவி. எழுந்து நிற்காமல், குனியாமல், கையை நீட்டியே பிள்ளையை எடுக்கலாம். ஆனால் வாங்கும் முன் உங்கள் கட்டிலை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். இந்தத் தொட்டில்களோடு வரும் பட்டை, கட்டில் சட்டத்தையோ மெத்தையையோ சுற்றி இழுத்துக் கட்டுவதற்கானது. நம் ஊரில் பலரிடம் இருப்பது அடியில் சாமான் வைக்கும் பெட்டிக் கட்டில். அதில் பட்டையை நுழைக்க அடியில் இடமே இருக்காது. பக்கவாட்டில் பலகை மெத்தைக்கு மேலே நாலு விரல் எழும்பி நிற்கும். பட்டை கட்டாமல் சும்மா ஒட்டி வைத்தால், அம்மா ஏறி இறங்கும்போதெல்லாம் தொட்டில் ஒரு விரல், இரண்டு விரல் என்று நகர்ந்துகொண்டே போகும். அந்த இடுக்குதான் ஆபத்து. குழந்தையின் உடம்பு உள்ளே இறங்கி, தலை மாட்டிக்கொள்ளும். கட்டில் மெத்தையும் தொட்டில் மெத்தையும் ஒரே மட்டத்தில், இடைவெளி இல்லாமல் நிற்க வேண்டும். போர்வையைச் சுருட்டி இடுக்கை அடைக்கிற வேலை வேண்டாம். பட்டை கட்ட வழியில்லை என்றால், நாலு பக்கமும் மூடிய சாதாரணத் தொட்டிலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள். பலன் கிட்டத்தட்ட அதேதான்.

இரட்டையருக்கென்றே நடுவில் வலைத் தடுப்பு வைத்த அகலத் தொட்டிலும் வருகிறது. தடுப்பு விறைப்பாக, அடிவரை இறங்கி நின்றால் பரவாயில்லை; கையால் தள்ளினால் தொய்ந்து அடுத்த பக்கம் சாய்கிறது என்றால் வாங்காதீர்கள். கட்டிலுக்கு இரு புறமும் இரண்டு தொட்டில் என்பது படத்தில் நன்றாக இருக்கும். நடைமுறையில், அப்பா பக்கத்துக் குழந்தை அழும்போது அப்பா எழுந்தால்தான் அது வேலை செய்யும்! அவர் எழுந்திருக்காத ஆள் என்றால் இரண்டையும் அம்மா பக்கமே வரிசையாகப் போடுங்கள்: கைக்கு எட்டுவதில் ஒன்று, கால்மாட்டில் இன்னொன்று.

பழைய மரத் தொட்டில் கிடைத்தால் கம்பிகளுக்கு இடையே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. பெயின்ட் உரிந்திருந்தாலும், பக்கம் மேலும் கீழும் இறங்குகிற மாதிரி இருந்தாலும் விட்டுவிடுங்கள். அப்படி இறங்கும் பக்கம் உள்ள தொட்டில்களை அமெரிக்காவில் 2011-இலேயே தடை செய்துவிட்டார்கள்.

மெத்தை எப்படி இருக்க வேண்டும்? இலவம்பஞ்சு நல்லதுதானே?

பெரியவர்களுக்கு நல்லது. பச்சைக் குழந்தைக்கு வேண்டாம். புதிதாகத் தைக்கும்போது உப்பலாக இருக்கும். பத்து நாளில் தலை வைத்த இடம் குழிந்துவிடும், பஞ்சு ஓரத்தில் போய்க் கட்டி கட்டியாகத் திரளும். அந்தக் குழியில் குழந்தை முகம் திரும்பினால் மூக்கு துணியில் புதையும்.

உள்ளங்கையை விரித்து மெத்தை நடுவில் நன்றாக அழுத்தி எடுங்கள். கைத்தடம் தங்காமல் உடனே சமமாகிவிட்டால் சரி. தென்னைநார் மெத்தையோ கெட்டியான நுரை மெத்தையோ இதில் தேறும். ஓரத்துக்கும் தொட்டில் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையக்கூடாது. மேலே இழுத்துக் கட்டிய பருத்தி விரிப்பு ஒன்று போதும். தலையணை, பக்கத் தலையணை, பொம்மை, கனத்த போர்வை எதுவும் வேண்டாம். தொட்டில் ஓரத்தில் சுற்றிக் கட்டும் மெத்து மெத்துத் திண்டும் வேண்டாம். அந்தத் திண்டுகளையும், 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த தூக்கத் தொட்டில்களையும் விற்கக்கூடாது என்று அமெரிக்கா 2022-இல் சட்டமே போட்டது. இங்கே திண்டை இன்னும் பரிசு செட்டில் சேர்த்துக் கொடுக்கிறார்கள். வந்தால் வாங்கி எடுத்து வைத்துவிடுங்கள், கொடுத்தவர் மனம் நோக வேண்டாம்.

தூளியில் போடக்கூடாது என்றால் எப்படி? நாங்களெல்லாம் தூளியில் வளர்ந்தவர்கள்தானே!

வாஸ்தவம்தான். அழுகிற பிள்ளையை அடக்கத் தூளிக்கு இணை இல்லை. பாட்டியின் பழைய பருத்திச் சேலை, உத்தரத்தில் கொக்கி, இரண்டு ஆட்டு, பிள்ளை கண் சொக்கிவிடும். பிரச்சினை அதற்கப்புறம். தூளியில் குழந்தை நேராகப் படுப்பதில்லை, வளைந்து கிடக்கிறது. கழுத்து நிற்காத குழந்தையின் மோவாய் நெஞ்சில் போய் முட்டும்போது மூச்சுக்குழல் மடங்கிக் குறுகுகிறது. நிறைமாதக் குழந்தை திணறி அழுது எழுப்பிவிடலாம். ஒன்றரை, இரண்டு கிலோவில் பிறந்த இரட்டையருக்கு அந்தத் தெம்பு இருக்காது. சத்தமே வராது. இரு பக்கத் துணியும் சேர்ந்து முகத்தை மூடினால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கும் தெரியாது.

அதனால் தூளியை அடியோடு வேண்டாம் என்று பாட்டியிடம் சண்டை பிடிப்பதைவிட, ஒரு எல்லை போட்டுக்கொள்வது நடக்கிற காரியம். எடை தேறி, டாக்டரும் சரி சொன்ன பிறகு, பகலில், பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக்கொண்டு ஆட்டலாம். தூங்கியதும் எடுத்துச் சமமான படுக்கையில் போட வேண்டும். இரவில் தூளியே வேண்டாம். ஒரே தூளியில் இரண்டு பேரை எந்த நேரத்திலும் போடக்கூடாது. ஸ்பிரிங் தூளியாக இருந்தால் கொக்கியையும் கம்பியையும் வாரம் ஒருமுறை பாருங்கள். வீட்டில் நாலைந்து வயதுப் பிள்ளை இருந்தால், வேலை முடிந்ததும் தூளியைச் சுருட்டி உயரத்தில் கட்டிவிடுங்கள். ஆடிச் சுற்றி விளையாடும்போது துணி கழுத்தில் முறுக்கிக்கொண்டு இறந்த பிள்ளைகளைப் பற்றிச் செய்தித்தாளில் வந்துகொண்டேதான் இருக்கிறது.

எங்களிடம் கட்டில் இல்லை. தரையில் பாய் விரித்துப் படுக்கிறோம்.

நல்லதுதான்; கீழே விழும் பயம் இல்லை. அம்மாவின் பாயை ஒட்டி, ஆனால் அதன் மேல் ஏறாமல், குழந்தைகளுக்கு இரண்டு தனிப் பாய். ஒவ்வொன்றிலும் நன்றாக மடித்த கெட்டியான பருத்தி விரிப்பு. இரண்டும் அம்மாவின் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். மூத்த பிள்ளைகள் மறு பக்கம். சுவருக்கும் பாய்க்கும் நடுவில் இடுக்கு விடாதீர்கள். மழைக்காலத்தில் தரை ஓதம் ஏறுமானால் அடியில் ஒரு பிளாஸ்டிக் பாய் போட்டு, அதன் மேல் கோரைப்பாய். எறும்பும் பூரானும் வரும் வீடென்றால் கொசுவலை கட்டி, அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள்.

மல்லாக்கப் போட்டால் பால் கக்கி மூச்சில் ஏறாதா? ஒருக்களித்துப் போடச் சொல்கிறார்களே?

ஏறாது. மல்லாக்கப் படுக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் இருக்கும். கக்கின பால் கீழே உள்ள குழலிலேயே தங்கும். மேலே ஏறி மூச்சுக்குழலுக்குள் போவது கடினம். குப்புறப் போட்டால் இது தலைகீழ். ஒருக்களித்துப் போட்ட குழந்தை கொஞ்ச நேரத்தில் குப்புறச் சாய்ந்துவிடும். 1991-இல் பிரிட்டனிலும் 1994-இல் அமெரிக்காவிலும் மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று இயக்கமே நடத்தினார்கள். அதற்குப் பிறகு திடீர்ச் சிசு மரணம் பாதிக்கும் மேல் குறைந்தது. பால் குடித்ததும் பத்து, பதினைந்து நிமிடம் தோளில் போட்டு ஏப்பம் எடுத்துவிட்டுப் படுக்க வையுங்கள். தொட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துவதால் எந்தப் பயனும் இல்லை, குழந்தை சறுக்கி கீழே வரும், அவ்வளவுதான்.

ஆனால் ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ் குப்புறத்தான் போட்டிருந்தார்?

அங்கே குழந்தையின் உடம்பில் கருவி மாட்டி மூச்சையும் இதயத் துடிப்பையும் ஒவ்வொரு நொடியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நுரையீரல் முதிராத குழந்தைக்குக் குப்புறக் கிடப்பது மூச்சுக்கு உதவும், அதனால். உடல்நிலை தேறி, கர்ப்ப வாரமும் பிறந்த பிறகான வாரமும் சேர்ந்து 32-ஐ எட்டியதும் மல்லாக்கத் தூங்கப் பழக்க ஆரம்பிக்க வேண்டும். டிஸ்சார்ஜுக்கு முன்பே அது நடந்துவிட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் அந்தக் கருவியும் இல்லை, விழித்திருக்கும் நர்ஸும் இல்லை.

தலை உருண்டையாக வரக் கடுகுத் தலையணை வைக்கலாமா?

வேண்டாம். ஒரு வயது வரை எந்தத் தலையணையும் வேண்டாம். ஒரு நாள் தலையை இந்தக் கோடியிலும் மறுநாள் அந்தக் கோடியிலும் மாற்றிப் படுக்க வைத்தால், அம்மா இருக்கும் பக்கம் பார்க்கக் குழந்தை தானே கழுத்தைத் திருப்பும். விழித்திருக்கும்போது, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க, சில நிமிடம் குப்புறப் போடுங்கள். தலையும் சரியாகும், கழுத்தும் நிற்கும்.

கொசுத் தொல்லை தாங்கவில்லை. குடை வலை போடலாமா?

குடை மாதிரி விரியும் வலை நல்லதுதான், விறைப்பாக நின்று முகத்திலிருந்து தள்ளியே இருக்கும் வரை. அதோடு சேர்ந்து வரும் மெத்து மெத்து மெத்தையையும் குட்டித் தலையணையையும் எடுத்துவிட்டு வலையை மட்டும் பயன்படுத்துங்கள். கம்பி தளர்ந்து வலை தொய்ந்தால் மாற்றிவிடுங்கள். அறை முழுக்க ஒரு பெரிய வலை கட்டி அதற்குள் அம்மாவின் படுக்கையும் இரண்டு குழந்தைப் படுக்கைகளும் அடங்கினால் இன்னும் வசதி, இரவில் திறந்து மூட வேண்டியதில்லை.

கொசுவர்த்திச் சுருள் வேண்டாம். குளிப்பாட்டியபின் சாம்பிராணி காட்டுவது வழக்கம் என்றால் வேறு அறையில் போட்டு, புகை அடங்கிய பிறகு கொண்டு வாருங்கள். குறைமாதக் குழந்தையின் நுரையீரலுக்கு அந்தப் புகை ஆகாது. கழுத்தில் கறுப்புக் கயிறு, வசம்பு கோத்த நூல் இருந்தால் இரவில் கழற்றிவிடுங்கள். இடுப்பில் அரைஞாண் போதும், பாட்டியும் சம்மதிப்பார்.

ஏ.சி. போடலாமா? எவ்வளவு துணி உடுத்துவது?

ஏ.சி.யும் போடலாம், ஃபேனும் போடலாம். காற்று நேராகக் குழந்தை மேல் அடிக்கக்கூடாது. உங்களுக்குச் சாதாரணப் பருத்தி உடையில் இதமாக இருந்தால், குழந்தைக்கு அதைவிட ஒரு துணி கூடுதலாகப் போதும். சித்திரை வெயிலில் ஃபேன் மட்டும் ஓடும் அறையில் அந்த ஒன்றும் தேவைப்படாது.

எடை குறைந்த குழந்தைக்கு நம் மருத்துவமனைகளில் சொல்லிக் கொடுக்கும் ஒரு சோதனை உண்டு: புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் கதகதப்பாக இருந்தால் சரி. வயிறு கதகதப்பு, பாதம் சில்லென்று இருந்தால் குளிர ஆரம்பித்துவிட்டது. இன்னொரு துணி, அல்லது அம்மாவின் நெஞ்சோடு தோல் படும்படி அணைப்பு. இரண்டுமே சில்லென்று இருந்தால் அணைத்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். பிடரி வியர்த்து, நெஞ்சு சுடுகிறது என்றால் துணி அதிகம். இரண்டு பேரையும் தனித்தனியாகத் தொட்டுப் பாருங்கள். எடை குறைந்தவருக்குக் குளிரும்போது மற்றவருக்கு வியர்க்கலாம். தொப்பி, டாக்டர் சொன்னால் சொன்ன நாள்வரை மட்டும். துணியில் சுற்றுவதென்றால் நெஞ்சில் இறுக்காமல், இடுப்பில் தளர்வாக. புரள முயலும் முதல் அறிகுறியிலேயே நிறுத்திவிட வேண்டும்.

ஒன்றைப் பாட்டி தன் பக்கத்தில் போட்டுக்கொள்கிறேன் என்கிறார்.

அந்த உதவியை விட்டுவிடாதீர்கள். ஆனால் பாட்டியின் படுக்கையில் வேண்டாம். பாட்டியின் கட்டிலுக்குப் பக்கத்தில் அந்தக் குழந்தையின் சொந்தப் படுக்கை. பெற்றோர் அல்லாதவரோடு ஒரே படுக்கையில் தூங்குவது இன்னும் ஆபத்து என்றே ஆய்வுகள் சொல்கின்றன. பாட்டி தூக்க மாத்திரையோ அலர்ஜி மாத்திரையோ போடுபவர் என்றால் இரவு 10 வரையும் காலை 5-க்கு மேலும் அவர் முறை, நடுவில் அம்மா அப்பா முறை என்று பிரித்துக்கொள்ளலாம்.

பால் கொடுத்துக்கொண்டே தூங்கிவிடுகிறேன். என்ன செய்வது?

இரண்டு பேருக்குப் பால் கொடுக்கும் யாரும் தூங்கிவிடுவார்கள். எனவே எங்கே தூங்கிவிடுவோம் என்பதை முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள். சோபாவும் சாய்வு நாற்காலியும் மிக மோசமான இடங்கள். கண் அசந்தால் குழந்தை மெத்தை இடுக்கில் சரிந்துவிடும். கண் சொக்குகிறது என்றால் அதைவிடக் கட்டிலே மேல். தலையணையையும் போர்வையையும் தள்ளி வைத்துவிட்டு அங்கே உட்காருங்கள். விழிப்பு வந்த உடனே குழந்தையை அதன் படுக்கைக்கு மாற்றுங்கள்.

இருவருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கும்போது இடுப்பைச் சுற்றி வைக்கும் திண்டின் மேல் அவர்களைத் தூங்க விடாதீர்கள். அந்த நேரத்தில் இன்னொருவர் விழித்திருந்து, குடித்து முடித்த குழந்தையை வாங்கிக்கொள்வதைப் போல வேறு பாதுகாப்பு இல்லை. அப்பா டயப்பர் மாற்றுவதைவிட இந்த அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும் என்பேன்.

ஒருவர் அழுதால் மற்றவரும் எழுந்துவிடுவாரே?

நினைக்கிற அளவுக்கு இல்லை. பக்கத்தில் கத்தினாலும் அசையாமல் தூங்கும் இரட்டையர் ஏராளம். ஒருவர் பாலுக்கு எழுந்தால் மற்றவரையும் எழுப்பிக் கொடுத்துவிட்டால் இரவு இரண்டாக உடையாது. இதற்காக ஒருவரை வேறு அறைக்கு மாற்ற வேண்டாம்.

மூச்சைக் கண்காணிக்கும் சாக்ஸ், வாயில் வைக்கும் ரப்பர் சூப்பான் எல்லாம் வாங்கலாமா?

கருவி வாங்கினால் மன நிம்மதிக்கு வாங்குங்கள். அது திடீர்ச் சிசு மரணத்தைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அந்தப் பணத்தில் இரண்டாவது தொட்டில் வந்துவிடும். சூப்பான், தாய்ப்பால் நன்றாகப் பிடித்த பிறகு கொடுத்தால் ஆபத்தைக் குறைக்கிறது. ஆளுக்கொன்று, கயிறு இல்லாமல். தூக்கத்தில் விழுந்தால் திரும்ப வைக்க வேண்டாம்.

எப்போது பக்கத் தொட்டிலிலிருந்து மாற்றுவது?

இருவரில் யார் முதலில் குப்புற விழ ஆரம்பிக்கிறாரோ, கையை ஊன்றி எழும்ப முயல்கிறாரோ, அன்றைக்கு இருவரையுமே ஆழமான பெரிய தொட்டிலுக்கு மாற்றிவிடுங்கள். பக்கத் தொட்டில் வந்த அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் எடை அளவு அதற்குப் பிறகுதான் வரும். பெரிய தொட்டிலிலும் மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். இரண்டு பக்கமும் தானாகப் புரளத் தெரிந்த குழந்தை தூக்கத்தில் திரும்பிக்கொண்டால் விட்டுவிடலாம்.

எந்த நேரத்தில் பதறிக் கிளம்ப வேண்டும்?

மூச்சு 20 நொடி நின்று போனால், உதடோ நாக்கோ நீலம் பாய்ந்தால், நெஞ்சுக்குழி உள்ளே இழுத்து மூச்சு வாங்கினால், எழுப்பியும் எழாமல் துவண்டு கிடந்தால், இரண்டு வேளை பால் குடிக்க மறுத்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். ஒருவரைக் கொண்டுபோகும்போது மற்றவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரே வீட்டில், ஒரே பாலில் வளர்கிறவர்கள். தொற்று என்றால் இரண்டாமவருக்கும் தொடங்கியிருக்கலாம், டாக்டரும் பார்க்கத்தான் கேட்பார்.